குத்துச்சண்டை வீரரின் உயிருக்கு யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிங்கில் அடிபட்டு ஒரு வீரர் இறந்த செய்தி வரும்போதெல்லாம், "இதையெல்லாம் எந்த அரசும் கேட்காதா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கிறது. சட்டம் இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, படிவம் படிவமாகக் கையெழுத்தும் வாங்குகிறார்கள். அப்புறம் ஏன் இப்படி நடக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். தொழில்முறைக் குத்துச்சண்டையின் பெரும்பணம் அமெரிக்காவில் புரள்வதால் அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம். தேவைப்படும் இடத்தில் பிரிட்டன், ஜப்பான், அர்ஜென்டினா வரும்.

அமெரிக்காவில் தொழில்முறைக் குத்துச்சண்டை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது?

மாநில அரசுகளின் கட்டுப்பாட்டில். நாடு முழுவதற்கும் ஒரே கமிஷன் என்று எதுவும் கிடையாது. குத்துச்சண்டையை அனுமதித்து ஒழுங்குபடுத்த நியூயார்க்கில் 1920இல் வந்த வாக்கர் சட்டம்தான் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரி. நெவாடா கமிஷன் 1941இல் தொடங்கியது. வீரர், நடுவர், மேனேஜர், சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுப்பது, சண்டையை அனுமதிப்பது, நடுவரையும் மருத்துவரையும் நியமிப்பது எல்லாம் இவர்கள் வேலை. பழங்குடியினர் நிலத்தில் இருக்கும் காசினோக்களில் சண்டை நடந்தால் அவர்களுடைய கமிஷனே மேற்பார்வை பார்க்கலாம்.

டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று சாம்பியன் பட்டமும் அதற்கான பெல்ட்டும் கொடுக்கும் அமைப்புகளைப் பலர் அரசு அமைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவை தனியார் அமைப்புகள். தரவரிசை போடுவார்கள், பட்டச் சண்டைக்குக் கட்டணம் வாங்குவார்கள். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

மத்தியச் சட்டம் எதுவும் இல்லையா?

இரண்டு இருக்கின்றன. 1996இல் வந்த தொழில்முறைக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம் உடலைப் பற்றியது. 2000இல் வந்த முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் பணத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றியது. இரண்டுக்கும் பின்னால் நின்று தள்ளியவர் செனட்டர் ஜான் மெக்கெய்ன். தேசிய அளவில் ஒரே குத்துச்சண்டைக் கமிஷன் வேண்டும் என்றும் அவர் பல வருடங்கள் முயன்றார். செனட்டில் நிறைவேறியும், 2005இல் பிரதிநிதிகள் சபை அந்த யோசனையைத் தோற்கடித்தது. அதனால் இன்றுவரை இரண்டு மத்தியச் சட்டங்களையும் அமல்படுத்துவது பெரும்பாலும் மாநிலங்கள்தான்.

1996 சட்டம் பாதுகாப்புக்காக என்ன கேட்கிறது?

சண்டைக்கு முன் மருத்துவர் பரிசோதித்து, இவர் சண்டை போடத் தகுதியானவர் என்று சான்று தர வேண்டும். சண்டை முடியும்வரை ரிங் ஓரத்தில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் அந்தச் சண்டையில் படும் காயங்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆம்புலன்ஸ், அல்லது உயிர்காக்கும் கருவிகளுடன் மருத்துவப் பணியாளர்கள், அரங்கில் இருக்க வேண்டும். வீரர்களுக்கு அடையாள அட்டை உண்டு. முடிவுகளை வீரர்களின் சண்டைக் கணக்கை வைத்திருக்கும் பதிவேட்டுக்கு 48 வேலை மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் 'அல்லது' பணியாளர்கள் என்கிறது. ஆக, ஆம்புலன்ஸ் இல்லாமலும் ஒரு நிகழ்ச்சி சட்டப்படி நடக்கலாம். காப்பீடு வேண்டும் என்கிறது, எவ்வளவு தொகைக்கு என்று சொல்லவில்லை. உடல் பரிசோதனை வேண்டும் என்கிறது, எம்ஆர்ஐ என்ற பேச்சே இல்லை. நெவாடா மூளை ஸ்கேன் கேட்கும். இன்னொரு மாநிலம் ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து அனுப்பிவிடலாம். தெரிந்தே விதியை மீறும் புரமோட்டருக்கு ஓராண்டு வரை சிறையும் 20,000 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனால் வழக்குப் போட வேண்டியது மத்திய அரசு வழக்கறிஞர்கள். அவர்கள் குத்துச்சண்டைக் கோப்பைத் தூசு தட்டி எடுப்பது அபூர்வம்.

ஒரு மாநிலம் தடுத்தால் இன்னொரு மாநிலத்துக்குப் போய் ஆடிவிடலாமா?

சட்டப்படி முடியாது. நாக் அவுட், காயம், போதை மருந்துச் சோதனையில் தோல்வி போன்ற காரணங்களுக்காக ஒரு கமிஷன் சஸ்பெண்ட் செய்தால் மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும். 1996 சட்டத்தின் உருப்படியான பகுதியே இதுதான். அதற்கு முன்பு திங்கட்கிழமை ஓர் ஊரில் நாக் அவுட் ஆனவர் வேறு பெயரில் அடுத்த வாரம் பக்கத்து மாநிலத்தில் ரிங் ஏறுவது சாதாரணம்.

ஆனாலும் கதவுகள் முழுதாக மூடவில்லை. வெனிசுவேலாவின் எட்வின் வலேரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டை ஓடு உடைந்து அறுவை சிகிச்சை நடந்தது. 2004இல் நியூயார்க்கில் எடுத்த மூளை ஸ்கேனைப் பார்த்து லைசென்ஸ் மறுத்தார்கள். அவர் பனாமா, ஜப்பான் என்று போய் சண்டை போட்டார், உலகப் பட்டமும் வென்றார். கடைசியில் டெக்சாஸ் லைசென்ஸ் கொடுத்தது. 2009இல் ஆஸ்டினில் ஆடினார். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்ட் கதை வேறு மாதிரி. 2004 நவம்பர் தோல்விக்குப் பிறகு, திறன் குறைந்துவிட்டது என்று நியூயார்க் அவரைத் தடுத்தது. 2006இல் டல்லஸில் ரிங் ஏறினார். 2021இல், 58 வயதில், விட்டோர் பெல்ஃபோர்ட்டுடன் சண்டை. முதலில் லாஸ் ஏஞ்சலஸில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி, புளோரிடாவுக்கு மாறியது. முதல் ரவுண்டிலேயே நிறுத்தப்பட்டது. அந்த வயதில் அவர் தடுமாறி விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்காது.

நாட்டு எல்லையைத் தாண்டினால் இன்னும் மோசம். முகமது அலியின் கடைசிச் சண்டை 1981 டிசம்பரில் பஹாமாஸில் நடந்தது. முந்தைய ஆண்டு லாரி ஹோம்ஸிடம் வாங்கிய அடியைப் பார்த்தபின் அமெரிக்கக் கமிஷன்கள் அவருக்கு லைசென்ஸ் தரத் தயங்கின. பஹாமாஸின் தலைநகர் நசாவில் மணி கிடைக்காமல் மாட்டு மணியை அடித்து ரவுண்டு நடத்தினார்கள்.

அர்ஜென்டினாவின் ஹ்யூகோ சான்டிலானுக்கு வயது 23. 2019 ஜூன் 15 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தோற்றார். வாங்கிய அடிகளைப் பார்த்த ஜெர்மன் அமைப்பு ஜூலை 31 வரை அவர் ஆடக் கூடாது என்று சஸ்பெண்ட் செய்தது. ஜூலை 20 அன்று சொந்த நாட்டில், சான் நிகோலாஸ் என்ற ஊரில் 10 ரவுண்டு ஆடினார். முடிவை அறிவித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். ஜூலை 25 அன்று இறந்துபோனார். ஜெர்மன்காரர்கள் கணித்தது சரி, தேதியும் சரியாகப் போட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தை மதிக்கும் கட்டாயம் இன்னொரு நாட்டுக்கு இல்லை.

ஆம்புலன்ஸ் இருந்தால் போதுமா?

போதாது. இதற்கு மாகோமெட் அப்துசலாமோவின் கதையைச் சொன்னால் போதும். ரஷ்யாவின் தாகெஸ்தானைச் சேர்ந்த ஹெவிவெயிட் வீரர். 18 சண்டை, 18 வெற்றி, எல்லாம் நாக் அவுட். 2013 நவம்பர் 2 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனின் சிறிய அரங்கில் மைக் பெரெஸுடன் 10 ரவுண்டு ஆடிப் புள்ளிக் கணக்கில் தோற்றார். முதல் ரவுண்டிலேயே முகத்தில் பலமான அடி. மூக்கு உடைந்திருந்தது. அவர் விழவில்லை, அதுதான் கெட்ட நேரம். விழுந்திருந்தால் ஸ்ட்ரெச்சர் வந்திருக்கும்.

டிரஸ்ஸிங் ரூமில் மருத்துவர்கள் பார்த்தார்கள், வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்டார்கள். பிறகு அவருடைய சிறுநீரில் ரத்தம் இருப்பதைக் கமிஷன் இன்ஸ்பெக்டர் ஒருவர் கவனித்து, மருத்துவமனைக்குப் போங்கள், டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். நள்ளிரவு நியூயார்க் தெருவில், ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒரு குழு, வாந்தி எடுக்கும் ஒரு வீரரை வைத்துக்கொண்டு டாக்சிக்குக் கை காட்டி நின்றது. மருத்துவமனை சேர்ந்தபோது மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சை, கோமா, பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஆனால் நடக்கவும் சரளமாகப் பேசவும் முடியாத நிலை. மாநில அரசு அமைப்புகளைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரலின் விசாரணை கமிஷனின் குறைகளை அடுக்கியது. 2017இல் நியூயார்க் மாநிலம் அவர் குடும்பத்துக்கு 2.2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதற்கிடையில் 2016இல் அந்த மாநிலம் காப்பீட்டு விதியை இறுக்கியது: ஒவ்வொரு வீரருக்கும் 50,000 டாலர் மருத்துவக் காப்பீடு, உயிருக்கு ஆபத்தான மூளைக் காயத்துக்கு 10 லட்சம் டாலர். உடனே சிறிய புரமோட்டர்கள் கட்டுப்படியாகாது என்று நியூயார்க்கைத் தவிர்த்து வேறு மாநிலங்களில் நிகழ்ச்சி வைக்கத் தொடங்கினார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டால் கண்டிப்பான மாநிலம் வருமானத்தை இழக்கும். பாதுகாப்பைப் பற்றி எத்தனை சட்டம் பேசினாலும் இந்தக் கணக்கை மாற்றாமல் பெரிதாக எதுவும் மாறாது என்பது என் எண்ணம்.

அடிபடும்போது மூளைக்கு என்ன ஆகிறது? தலைக்கவசம் போட்டால் தப்பிக்கலாமா?

ரிங் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மூளையின் வெளியுறைக்கு அடியில் ஏற்படும் ரத்தக் கசிவு. தாடையில் பக்கவாட்டில் குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. உள்ளே மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. மூளைக்கும் உறைக்கும் நடுவே பாலம் போலிருக்கும் மெல்லிய ரத்த நாளங்கள் அந்த இழுப்பில் அறுந்துபோகலாம். கசியும் ரத்தம் மண்டை ஓட்டுக்குள் தேங்கி மூளையை நசுக்கும். முதல் சில நிமிடங்கள் வீரர் தெளிவாகப் பேசுவார், நடுவரிடம் தலையாட்டுவார், ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். பிறகு சரிவார்.

கையுறையும் தலைக்கவசமும் வெட்டுக்காயத்தையும் கை எலும்பு முறிவையும் குறைக்கும். தலை திரும்பும் வேகத்தை அவ்வளவாகக் குறைக்காது. தலைக்கவசம் போட்டவர் இன்னும் தைரியமாக அடி வாங்குவார் என்ற வாதமும் உண்டு. 2013இல் சர்வதேச அமெச்சூர் அமைப்பு ஆண்கள் பிரிவில் தலைக்கவசத்தை எடுத்துவிட்டது.

நீண்டகாலச் சேதம் தனி விஷயம். அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் பற்றி எழுதிவிட்டார். லாஸ் வேகாஸில் கிளீவ்லாந்து கிளினிக் 2011இல் தொடங்கி வீரர்களின் மூளையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஸ்கேன் செய்து ஆராய்ந்து வருகிறது. ஒரே இரவில் நடக்கும் சாவைத் தடுக்க விதி போடலாம். இருபது வருடத்தில் சேரும் சேதத்துக்கு எந்தக் கமிஷனிடமும் ஒழுங்கான விதி இல்லை.

பிரிட்டனில் எப்படி? அங்கே அரசு நேரடியாகப் பார்க்கிறதா?

இல்லை. 1929இல் தொடங்கிய பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தனியார் அமைப்பு. அங்கே வாரியத்தின் பொறுப்பை உறுதிசெய்தது நாடாளுமன்றம் இல்லை, நீதிமன்றம்.

1991 செப்டம்பர் 21. லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானம். மைக்கேல் வாட்சனும் கிறிஸ் யூபாங்கும் மோதினார்கள். 12ஆவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது. வாட்சன் சரிந்தார். மருத்துவர் அவரைப் பார்க்க ஏழு நிமிடம் ஆனது. உயிர்காக்கும் கருவிகளோடு தயாராக ரிங் ஓரத்தில் யாரும் இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவே இல்லை. அங்கிருந்து செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பீட்டர் ஹாம்லின் என்ற நிபுணர் அறுவை செய்தார். ஆறு அறுவை சிகிச்சை, 40 நாள் கோமா.

வாட்சன் வாரியத்தின்மீது வழக்குப் போட்டார். ரிங் ஓரத்திலேயே மூச்சுக் குழாய் பொருத்தி மூளை வீக்கத்தைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கியிருந்தால் சேதம் இவ்வளவு ஆகியிருக்காது என்பது வாதம். வாரியமோ, நாங்கள் லாபம் பார்க்காத அமைப்பு, விதிதான் போடுகிறோம், சிகிச்சை எங்கள் பொறுப்பா என்று கேட்டது. 1999இல் உயர் நீதிமன்றமும் 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரே பதிலைச் சொன்னன: வீரர்கள் உன் விதியை நம்பித்தான் ரிங் ஏறுகிறார்கள், அந்த விதி போதாமல் போனால் நீதான் பொறுப்பு. கடைசியில் நான்கு லட்சம் பவுண்டுக்குச் சமரசம். அதைக் கொடுக்க வாரியம் லண்டன் தலைமையகத்தையே விற்க வேண்டிவந்தது. வாட்சன் 2003 லண்டன் மாரத்தானை ஆறு நாளில் நடந்தே முடித்தார். கூட நடந்தவர் அந்த ஹாம்லின்.

வாட்சனுக்கு நடந்ததற்குப் பிறகு விதி மாறியதன் பலன் தீர்ப்புக்கு முன்பே தெரிந்தது. 1995இல் லண்டனில் ஜெரால்ட் மெக்லெலன் நைஜல் பென்னிடம் அடிபட்டுச் சரிந்தபோது மயக்க மருந்து நிபுணர் ரிங் ஓரத்திலேயே இருந்தார். மெக்லெலன் பிழைத்தார். பார்வை போய்விட்டது, மூளையும் பெரிதும் பாதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

15 ரவுண்டு ஏன் 12 ஆனது?

1982 நவம்பர் 13, லாஸ் வேகாஸ். ரே மான்சினியிடம் 14ஆவது ரவுண்டில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டக் கூ நான்கு நாளில் இறந்தார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த சண்டை. சில மாதங்களில் அவர் தாயும், அடுத்த ஆண்டு அந்தச் சண்டையின் நடுவர் ரிச்சர்ட் கிரீனும் தற்கொலை செய்துகொண்டார்கள். டபிள்யூபிசி உடனே 12 ரவுண்டுக்கு இறங்கியது. மற்ற அமைப்புகள் ஐந்தாறு வருடம் இழுத்து அதே வழிக்கு வந்தன.

2025 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோ கோராகுவென் அரங்கில் ஒரே நிகழ்ச்சியில் ஆடிய ஷிகெதோஷி கோதாரி, ஹிரோமாசா உராகாவா இருவரும் மூளை ரத்தக் கசிவால் அடுத்தடுத்த நாள்களில் இறந்தார்கள். இருவருக்கும் வயது 28. ஜப்பானில் நடக்கும் கிழக்கத்திய பசிபிக் கூட்டமைப்பின் பட்டச் சண்டைகளை 12இலிருந்து 10 ரவுண்டாகக் குறைத்தார்கள். கோதாரி 12 ரவுண்டும் ஆடியவர். உராகாவா எட்டாவதில் நிறுத்தப்பட்டவர். 10 ரவுண்டு விதி அவருக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது. ரவுண்டைக் குறைப்பது செலவில்லாத சீர்திருத்தம், அதனால்தான் முதலில் அதைச் செய்கிறார்கள்.

சண்டையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

நடுவருக்கு எப்போதும் உண்டு. மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம். சில இடங்களில் அவரே நிறுத்தலாம். வீரரின் கார்னரும், அதாவது அவர் மூலையில் நிற்கும் டிரெய்னர் குழுவும், நிறுத்தலாம். இதில் என் ஓட்டு கார்னருக்குத்தான். மாதக்கணக்கில் கூடவே இருந்து பழகியவருக்குத்தான் "இவன் இன்று இவனாக இல்லை" என்று தெரியும்.

2019 ஜூலை 19, மேரிலாந்து. மாக்ஸிம் டடாஷெவ் சுப்ரியல் மாத்தியாஸிடம் ரவுண்டுக்கு ரவுண்டு அடி வாங்கிக்கொண்டிருந்தார். 11ஆவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவருடைய டிரெய்னர் பட்டி மெக்கிர்ட், முன்னாள் உலகச் சாம்பியன், நிறுத்திவிடலாம் என்று கெஞ்சினார். டடாஷெவ் தலையாட்டி மறுத்தார். மெக்கிர்ட் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு, நடுவரிடம் போதும் என்று சொல்லிவிட்டார். அப்படி நிறுத்தியும், டிரஸ்ஸிங் ரூம் போகும் வழியிலேயே டடாஷெவ் வாந்தி எடுத்து விழுந்தார். நான்கு நாளில் இறந்தார். மெக்கிர்ட் செய்தது சரி. 12ஆவது ரவுண்டுக்கு அனுப்பியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் கோளாறு. சண்டையை நிறுத்தச் சொல்லி டவலை வீசுகிற டிரெய்னர் வீரரையும் இழக்கலாம், சம்பளத்தையும் இழக்கலாம். வீசாதவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

எடை குறைப்பதில் என்ன ஆபத்து?

சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல், நீராவி அறையில் உட்கார்ந்து பல கிலோ இறக்கி, மறுநாளுக்குள் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். உடலில் நீர் வற்றியவருக்கு மூளைக் காயம் சுலபமாக ஏற்படும் என்பது மருத்துவர்களின் கவலை. ஐபிஎஃப் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலை இன்னொரு முறை எடை பார்க்கிறார்கள். 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. மற்ற பெல்ட்டுகளுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை.

ஜிம்மில் நடக்கும் ஸ்பாரிங்கை (பயிற்சிச் சண்டையை) யாராவது கண்காணிக்கிறார்களா?

அநேகமாக இல்லை. 2016 மார்ச்சில் லண்டனில் அடிபட்டு, மூளையில் ரத்தக் கசிவோடு பிழைத்தவர் நிக் பிளாக்வெல். இனி ஆடக் கூடாது என்று முடிவானது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு ஜிம்மில் ஸ்பாரிங் செய்து மறுபடி மூளையில் அடிபட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். லைசென்ஸைப் பிடுங்கினால் ரிங்குக்குத்தான் பூட்டு, ஜிம்முக்கு இல்லை.

முகமது அலி சட்டம் பணத்தைப் பற்றியது. அதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அந்தச் சட்டம் மேனேஜரும் புரமோட்டரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்கிறது (10 ரவுண்டுக்குக் குறைந்த சண்டைகளில் ஆடுபவர்களுக்கு விதிவிலக்கு). சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் புரமோட்டர் வீரரிடம் சொல்ல வேண்டும். மிரட்டி வாங்கும் நீண்ட ஒப்பந்தங்களுக்கு வரம்பு உண்டு. இந்தச் சண்டை வேண்டாம், இன்னும் இரண்டு மாதம் ஓய்வு வேண்டும் என்று வீரருக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் டிக்கெட் விற்பவரிடமிருந்து வந்தால் அவர் எப்படிப் பேசுவார்?

2025 ஜூலையில் இந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் அறிமுகமானது. புரமோட்டர், தரவரிசை, பட்டம் மூன்றையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொள்ள அது வழிசெய்கிறது. பதிலுக்கு ஒரு ரவுண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம், காப்பீடு, ஊக்கமருந்துச் சோதனை போன்றவை உண்டு. யுஎஃப்சி என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் அமைப்பை வைத்திருக்கும் டிகேஓ நிறுவனம் இதை ஆதரிக்கிறது. நான்கு ரவுண்டு ஆடும் சின்ன வீரருக்கு இதில் கையில் கொஞ்சம் காசு கூடும், மறுக்க முடியாது. ஆனால் வேறு வாசல் இல்லாத வீரர் வேண்டாம் என்று சொல்லும் பலத்தை இழப்பார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன?

உலக மருத்துவச் சங்கம் 1983லேயே தடை கேட்டது. செய்து பார்த்த நாடுகளும் உண்டு. நார்வே 1981இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைச் சட்டத்தால் தடுத்தது. அந்த நாட்டின் சிசிலியா பிரேக்கஸ் வெளிநாடுகளில் ஆடி உலகச் சாம்பியன் ஆனார். 2014 இறுதியில் தடை நீங்கி, 2016இல்தான் சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஆடினார். ஸ்வீடன் 1970இல் தடுத்து, 2006 சட்டத்தின் மூலம் அனுமதி பெற்று நடத்தலாம் என்று மாற்றிக்கொண்டது. தடை போட்ட நாட்டில் சாவு குறையும், சரி. வீரர்கள் ஆடுவதை நிறுத்துவதில்லை, விதி தளர்ந்த ஊரைத் தேடிப் போகிறார்கள். நசாவின் மாட்டு மணி அதைத்தான் காட்டியது.

இந்தியாவில் நிலைமை என்ன?

வடசென்னைக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. விஜேந்தர் சிங் 2015இல் தொழில்முறைக்கு மாறியபின் நாடு முழுக்க அதற்கு ஆர்வம் கூடியது. ஆனால் நெவாடா, நியூயார்க் போல லைசென்ஸ் கொடுத்து, சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் உள்ள அரசுக் கமிஷன் இங்கே இல்லை. 2022 ஜூலையில் பெங்களூரில் ஒரு கிக் பாக்சிங் போட்டியில் அடிபட்டு 23 வயது இளைஞர் இறந்தார். அரங்கில் போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தினர் புகார் சொன்னார்கள். சின்ன ஊர்களில் கோப்பை, கட்அவுட், டிஜே எல்லாம் தயாராக இருக்கும். மருத்துவர் யார் என்று கேட்டால் பக்கத்துத் தெரு கிளினிக்கைக் கை காட்டுவார்கள்.

என் மகன் ஒரு போட்டியில் ஆடப் போகிறான். நான் எதைக் கேட்க வேண்டும்?

அமைப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: ரிங் ஓரத்தில் இருக்கப்போகும் மருத்துவர் யார்? ஆம்புலன்ஸ் கடைசிச் சண்டை முடியும்வரை நிற்குமா, அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் அடுத்தது வரும்வரை போட்டியை நிறுத்துவீர்களா? மூளை அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனை எது, எத்தனை நிமிட தூரம், அவர்களுக்கு இன்று போட்டி இருப்பது தெரியுமா? பதில் சொல்லத் திணறினால் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். டிரெய்னரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: கடைசியாக எப்போது ஒரு பையனின் சண்டையை நீங்களே நிறுத்தினீர்கள்?

போட்டி முடிந்த இரவு அவனைத் தனியாகத் தூங்க விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினாலும் தூங்கி வழிவது, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வது, ஒரு கண் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைக்கும்போதே குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டவன் என்று சொல்லி, சிடி ஸ்கேனும் மூளை அறுவைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.